மார்ச் 31: ஓடும் தொழிலின் நடுவே ஒரு கோடு

ஒரு தொழிலின் லாபத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய நாள் ஒன்றே ஒன்றுதான். தொழிலை மூடி, கடைசி மூட்டையை விற்று, கடைசிக் கடனை அடைத்து, கையில் மிஞ்சியதை எண்ணிப் பார்க்கும் நாள். அதற்கு முன்னால் எந்தத் தேதியில் லாபம் சொன்னாலும் அதில் மதிப்பீடு கலந்தே இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கடற்பயணத்துக்கும் தனித்தனியாக முதல் திரட்டியது. கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, பணம் போட்டவர்களுக்குப் பங்கு பிரித்து, அந்தப் பயணத்தின் கணக்கை முடித்தது. அப்படி நடக்கும் வியாபாரத்தில் லாபத்தை யாரும் மதிப்பிட வேண்டியதில்லை. தொழில் நிற்காமல் தொடர ஆரம்பித்த பிறகுதான், 'இந்த ஓராண்டில் எவ்வளவு?' என்ற கேள்வி கணக்கெழுதுபவர் முன்னால் வந்து நின்றது.

கோவை வட்டாரத்து நூற்பாலைகளும் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனிகளும்தான் என் ஆடிட் வாழ்க்கையின் பெரும்பகுதி. மார்ச் 31 நள்ளிரவு ஆகிவிட்டதே என்று எந்த மில்லும் நிற்பதில்லை. ப்ளோ ரூமில் பஞ்சு போய்க்கொண்டிருக்கும். ரிங் ஃபிரேமில் நூல் ஓடிக்கொண்டிருக்கும். சாயப்பட்டறையில் துணி வெந்துகொண்டிருக்கும். தூத்துக்குடிச் சாலையில் கன்டெய்னர் லாரி போய்க்கொண்டிருக்கும். ஓடும் தறியை நிறுத்தாமலே இதுவரை நெய்தது எத்தனை முழம் என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது ஆண்டு முடிவில் லாபம் சொல்லும் வேலை. கோட்டுக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று முடிவு செய்யும் விதிகளைத்தான் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் கொள்கைகள் என்கிறோம். எங்கள் வட்டத்தில் சுருக்கமாக 'கேப்'. பாடப்புத்தகத்தில் அவை தனித்தனித் தலைப்புகளாக வரும். வேலையில் ஊறிய பிறகு எனக்கு அவை எல்லாமே ஒரு கேள்வியின் கிளைகளாகத் தெரிகின்றன: இது எந்த ஆண்டைச் சேர்ந்தது?

அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை ஏன் வேண்டும் என்பதை 1920களின் அமெரிக்கா காட்டியது. ஒரு கம்பெனி தேய்மானத்தை ஒரு விதமாகப் போட்டது, இன்னொன்று வேறு விதமாகப் போட்டது. சொத்து மதிப்பைத் தாங்களே உயர்த்தி எழுதிக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1929-இல் பங்குச் சந்தை சரிந்த பிறகு, 1932 முதல் 1934 வரை நியூயார்க் பங்குச் சந்தையும் அமெரிக்கக் கணக்காளர் அமைப்பும் இதைப் பற்றிக் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. கணக்காளர் தரப்பில் முன்னின்றவர் ஜார்ஜ் ஓ. மே. அந்தத் தரப்பு சொன்னதன் சாரம் இது: ஏற்கத்தக்க வரம்புக்குள் ஒரு கம்பெனி தனக்கான முறையைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எந்த முறை என்று பங்குதாரருக்குச் சொல்ல வேண்டும், சொன்னதை ஆண்டுதோறும் மாற்றாமல் பின்பற்ற வேண்டும். 1934-இல் பங்குப் பரிவர்த்தனை ஆணையமும், 1973-இல் நிதிக் கணக்கியல் தர வாரியமும் அங்கே அமைந்தன. நம் நாட்டில் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1977-இல் கணக்கியல் தர வாரியத்தை அமைத்தது. 1979-இல் முதல் தரம், ஏஎஸ் 1, வந்தது. ஏஎஸ் 1 மூன்று விஷயங்களை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது: தொழில் தொடரும், முறை மாறாது, வரவும் செலவும் பணம் கைமாறும் நாளில் பதிவாகாமல் அவை உண்டாகும் நாளில் பதிவாகும். இந்த மூன்றையும் பின்பற்றியிருந்தால் தனியாகச் சொல்லத் தேவையில்லை, பின்பற்றாவிட்டால் சொல்லியே ஆக வேண்டும். இன்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இந்தத் தரங்களுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்திருக்கிறது.

விற்பனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மார்ச் மாதக் கடைசியில் அதிகம் இழுபறி நடப்பது அங்கேதான். ஒரு கன்டெய்னர் மார்ச் 30 அன்று ஃபேக்டரியை விட்டுக் கிளம்புகிறது. இன்வாய்ஸில் மார்ச் 30 என்றே தேதி. தூத்துக்குடியில் கப்பலில் ஏறுவது ஏப்ரல் 3. சரக்கின் மீதான முக்கிய அபாயமும் பலனும் வாங்குபவருக்குப் போன பிறகே விற்பனை என்கிறது ஏஎஸ் 9. எஃப்ஓபி அடிப்படையில் விற்றிருந்தால் சரக்கு கப்பலில் ஏறும் வரை அபாயம் விற்பவர் தலையில்தான். வழியில் லாரி கவிழ்ந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். ஆகவே இன்வாய்ஸ் தேதி என்னவாக இருந்தாலும், பில் ஆஃப் லேடிங்கில் கப்பலில் ஏற்றியதாக உள்ள தேதியே பேசும். அந்தக் கன்டெய்னர் இந்த ஆண்டின் விற்பனையில் வராது. அடக்க விலையில் இறுதிச் சரக்கிருப்பில் வரும். இதைச் சோதிக்கும் வழி எளிமையானது. கோட்டுக்கு முன்னால் போன கடைசிச் சில லோடுகள், பின்னால் போன முதல் சில லோடுகள் ஆகியவற்றின் இன்வாய்ஸ், கேட் பாஸ், இ-வே பில், லாரி ரசீது, பில் ஆஃப் லேடிங் ஆகிய எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைக்க வேண்டும். தேதிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்.

"ஆடிட்டர் சார், அந்த ஒரு கன்டெய்னரை மட்டும் மார்ச்சுலயே காட்டிக்கலாங்களா?" என்று முதலாளிகள் கேட்பது உண்டு. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். சிறு தொழிலுக்கான நடைமுறை மூலதனக் கடனை எதிர்பார்க்கும் விற்றுவரவில் 20 சதவீதம் என்று கணக்கிடும் முறை ரிசர்வ் வங்கியின் நாயக் குழு செய்த பரிந்துரையிலிருந்து வந்தது. விற்பனை கூடினால் வங்கிக் கடன் லிமிட்டும் கூடும். இன்னொரு வருடம் அதே முதலாளியே, வரி அதிகமாகிறது என்று, மார்ச் விற்பனையை ஏப்ரலுக்குத் தள்ள முடியுமா என்று கேட்பார். வங்கிக்கு ஒரு முகம், வரித்துறைக்கு ஒரு முகம், பங்காளிக்கு ஒரு முகம் என்று கணக்கு ஆளுக்கேற்ப மாறத் தொடங்கினால், அதன் பிறகு அதை யாரும் நம்ப முடியாது. எழுதியவரும் நம்ப முடியாது. வருமான வரிக்கு அதற்கென்று தனிக் கணக்கீட்டுத் தரங்கள் இருக்கின்றன. வரிக்கான கூட்டல் கழித்தல்களைத் தனித் தாளில் செய்துகொள்ளலாம். அதற்காகப் பேரேட்டை வளைக்க வேண்டிய அவசியமே இல்லை. கன்டெய்னர் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைப் படிப்பவரைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கொள்கைகள் நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய பாதுகாப்பு. ஆடிட்டர் 'முடியாது' என்று சொல்லும்போது, அது அவருடைய பிடிவாதமாக இல்லாமல் தரத்தின் வார்த்தையாக இருக்கிறது. முதலாளியும் அதைத் தனிப்பட்ட மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

செலவுப் பக்கம் இந்தக் கேள்வி வேறு குரலில் வரும். மார்ச் மாதம் ஓடிய மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் பில் ஏப்ரலில் வருகிறது. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளில் மின்சாரம் ஒன்று. பில் வந்த நாளில்தான் எழுதுவேன் என்றால் ஒவ்வொரு ஆண்டும் பன்னிரண்டு மாத நூலுக்கு எதிரே அந்த ஆண்டின் பதினோரு மாத மின்சாரமும் ஒரு பழைய மாத மின்சாரமும் கலந்த கணக்காகிவிடும். தீபாவளிக்குக் கொடுக்கும் போனஸும் அப்படித்தான். பணம் ஐப்பசியில் போகிறது. ஆனால் அது மார்ச் 31-உடன் முடிந்த ஆண்டின் உழைப்புக்கான போனஸ். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் உண்டு என்பது மார்ச் 31 அன்றே தெரியும். தெரிந்த கடனை அந்தத் தேதியிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கினால் வருவது ஒரு தொழிலாளியின் கிராஜுவிட்டி. சம்பளம் 13,000 ரூபாய் என்றால் ஓர் ஆண்டுக்கு 7,500 ரூபாய். 18 ஆண்டு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு 1,35,000 ரூபாய். பல சிறிய கம்பெனிகளில் ஆள் விலகும்போது கொடுத்துவிட்டு அந்த ஆண்டுச் செலவில் எழுதுவார்கள். ஆட்கள் விலகாத வரை லாபம் நன்றாகவே தெரியும். உண்மையில் அந்தப் பெண் ரிங் ஃபிரேமுக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு ஆண்டும் கம்பெனி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அவர் நூற்ற நூலின் விலை அந்தந்த ஆண்டு வரவில் ஏறிவிட்டது. அவருக்குரிய செலவு மட்டும் எதற்காக 18 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்? அதனால்தான் ஏஎஸ் 15, ஆக்சுவரி முறையில் கணக்கிட்டு அந்தப் பொறுப்பை ஆண்டுதோறும் ஐந்தொகையில் காட்டச் சொல்கிறது. முதல்முறை அப்படிக் காட்டும்போது முதலாளிக்கு அதிர்ச்சியாக இருக்கும். பல ஆண்டு லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளிகளுடைய பணம் என்று ஒரே நாளில் தெரிய வரும். அந்தத் தொகையை எல்ஐசியின் குழு கிராஜுவிட்டித் திட்டத்தில் கட்டத் தொடங்கிய முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். சரியாக எழுதிய ஒரு வரி, யாரோ ஒருவருடைய முதுமைக்குப் பாதுகாப்பாகிறது.

இப்போது குடோனுக்கு வருவோம். கணக்கியல் கொள்கைகளை முழுவதுமாக ஒரே இடத்தில் கற்க வேண்டும் என்றால் நான் ஆர்ட்டிகிள் மாணவர்களை நூற்பாலையின் பஞ்சு குடோனுக்குத்தான் அனுப்புவேன். இறுதிச் சரக்கிருப்பின் மதிப்பில் ஒரு ரூபாய் கூடினால் லாபத்தில் ஒரு ரூபாய் கூடும். வேறு எந்தக் கணக்கும் இத்தனை நேரடியாக லாபத்தைத் தொடுவதில்லை. இதை இங்கிலாந்தின் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு உலகுக்குக் காட்டியது. அந்த மில்லின் மேலாளர் பல ஆண்டுகள் பஞ்சு, நூல் இருப்பின் அளவையும் மதிப்பையும் கூட்டிக் காட்டிச் சான்றளித்தார். ஆடிட்டர்கள் அந்தச் சான்றிதழை நம்பினார்கள். சரக்கை நேரில் எடுத்துப் பார்ப்பது ஆடிட்டரின் கடமையில் சேராது என்று 1896-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில் தொழில் பல காலம் ஓடியது. 1938-இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்டு ராபின்ஸ் என்ற மருந்து கம்பெனியின் மோசடி வெளிப்பட்டது. சுமார் 8.7 கோடி டாலர் சொத்தில் 1.9 கோடி டாலர் அளவுக்கு இல்லாத சரக்கும் இல்லாத கடனாளிகளும். அதன் பிறகே சரக்கெடுப்பின்போது ஆடிட்டர் நேரில் இருக்க வேண்டும், கடனாளிகளிடம் நேரடியாக உறுதி கேட்க வேண்டும் என்பது அங்கே விதியானது. இன்று நம் தணிக்கைத் தரங்களும் சரக்கிருப்பு முக்கியமான தொகையாக இருந்தால் நேரில் போகச் சொல்கின்றன.

இருப்பதை எண்ணிவிடலாம். எண்ணியதற்கு விலை போடுவதில்தான் கலை இருக்கிறது. அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு இரண்டில் எது குறைவோ அது என்பது ஏஎஸ் 2-இன் விதி. ஒரே வரிதான், ஆனால் 2022-23 நிதியாண்டு அந்த ஒரு வரியை ஒவ்வொரு மில்லுக்கும் பரீட்சையாக வைத்தது. 2022 மே மாதத்தில் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2023 மார்ச்சில் விலை அறுபதாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. கிலோவுக்கு 281 ரூபாய் கொடுத்து வாங்கிய பஞ்சு குடோனில் கிடக்கிறது. அதே ரகத்தை மார்ச் 31 அன்று 170 ரூபாய்க்குள் வாங்கலாம். இதற்கு என்ன விலை போடுவது?

சந்தை விலைக்கு உடனே இறக்கிவிட வேண்டும் என்று அவசரப்படக் கூடாது. பஞ்சு விற்பதற்காக வாங்கியதல்ல, நூலாக்குவதற்காக வாங்கியது. ஆகவே அந்தப் பஞ்சிலிருந்து வரும் நூல் அடக்கத்துக்குக் குறையாமல் விற்கும் என்றால் பஞ்சை அடக்க விலையிலேயே வைக்கலாம் என்கிறது தரம். நூல் விலையும் சேர்ந்து சரிந்திருந்தால், நூலின் அடக்கம் விற்பனை மதிப்பைத் தாண்டிவிட்டால், அப்போது பஞ்சை இறக்க வேண்டும். அதற்கு அன்றைய மறுகொள்முதல் விலை நல்ல அளவுகோல். இதிலேயே இன்னொரு நுட்பம் உண்டு. குடோனில் ஒரே கவுன்ட், ஒரே தரத்தில் நூல் இரண்டு அடுக்குகளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்குக்கு நல்ல விலையில் உறுதியான விற்பனை ஒப்பந்தம் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. முதல் அடுக்குக்கு ஒப்பந்த விலையை வைத்தும் இரண்டாவதற்குச் சந்தை விலையை வைத்தும் விற்பனை மதிப்பைக் கணக்கிட வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சரக்குக்கு இரண்டு மதிப்பு என்பது முதலில் விசித்திரமாகப் படும். யோசித்தால், ஒரு பொருளின் மதிப்பு அதற்குக் காத்திருக்கும் பணத்தைப் பொறுத்தது என்ற வியாபாரியின் அறிவைத்தான் தரம் எழுத்தில் வைத்திருக்கிறது என்று புரியும்.

அடக்க விலையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மில் சாதாரணமாக ஆண்டுக்கு 10 லட்சம் கிலோ நூல் நூற்கும். நிலையான உற்பத்திச் செலவு 2 கோடி ரூபாய். கிலோவுக்கு 20 ரூபாய். ஒரு மோசமான ஆண்டில் 5 லட்சம் கிலோதான் நூற்றது. செலவு அதே 2 கோடி. உற்பத்தியான கிலோவால் வகுத்தால் 40 ரூபாய் வரும். மார்ச் 31-இல் 1 லட்சம் கிலோ கையிருப்பு இருந்தால், 40 ரூபாய் போடுவதால் மட்டுமே லாபம் 20 லட்சம் ரூபாய் கூடித் தெரியும். மில் பாதி நேரம் சும்மா நின்றதற்குப் பரிசாக லாபம் ஏறுகிறது! தரம் இதை அனுமதிப்பதில்லை. நிலையான செலவைச் சாதாரண உற்பத்தித் திறனை வைத்தே சரக்கில் ஏற்ற வேண்டும். மெஷின் சும்மா நின்ற செலவு அந்த ஆண்டின் நஷ்டம்தான், சரக்கில் ஏறி அடுத்த ஆண்டுக்குப் போகக் கூடாது. இந்த விதியை எழுதியவர்கள் எவ்வளவு தொழிற்சாலைகளை மனத்தில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு மரியாதை எழும்.

ஒரு செலவை இந்த ஆண்டிலேயே தீர்ப்பதா, சொத்தாக்கிப் பல ஆண்டுகளுக்குப் பரப்புவதா என்பதும் அதே கோட்டுப் பிரச்சினை. புது ரிங் ஃபிரேம் வாங்கினால் அது சொத்து. அதன் பயன் ஆண்டுகளில் தேய்மானமாகப் பிரியும். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு என்கிறது. தேய்ந்த உதிரிபாகத்தை மாற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் அது அந்த ஆண்டின் பராமரிப்புச் செலவு. நடுவில் வரும் பெரிய ஓவர்ஹாலில்தான் எஞ்சினியரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்: ஆயுள் கூடியதா, உற்பத்தி கூடியதா, அல்லது ஓட வைத்ததோடு சரியா? சின்ன மில்லில் கேட்கும் இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு வேர்ல்டுகாம் என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி சாட்சி. மற்ற தொலைபேசிக் கம்பெனிகளின் வலையமைப்பைப் பயன்படுத்தக் கொடுத்த கட்டணங்கள் மாதாமாதச் செலவு. அதை அந்தக் கம்பெனி சொத்தாக எழுதி வந்தது. சின்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு அதைத் தோண்டி எடுத்தது. 2002 ஜூனில் கம்பெனி ஒப்புக்கொண்ட தொகை சுமார் 380 கோடி டாலர். அடுத்த மாதமே திவால் மனு. சிக்கலான நிதிக் கருவி எதுவும் அதில் இல்லை. முதலாமாண்டு மாணவருக்குக் கற்றுத் தரும் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு வேறுபாடுதான்.

கோட்டுக்குப் பின்னால் தெரிய வருவதை என்ன செய்வது? கணக்கு கையெழுத்தாக ஜூன், ஜூலை, சில சமயம் செப்டம்பர்கூட ஆகும். அதற்குள் ஏப்ரல் 20-இல் ஒரு கடனாளி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டார் என்று செய்தி வருகிறது. மார்ச் 31-இலேயே அவர் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தார். செய்தி அதை உறுதிப்படுத்துகிறது. ஆகவே அந்த வாராக்கடனை இந்தக் கணக்கிலேயே ஒதுக்க வேண்டும். ஏப்ரல் 10-இல் குடோனில் தீப்பிடித்தால் கதை வேறு. மார்ச் 31 அன்று அந்தச் சரக்கு முழுசாக இருந்தது. மதிப்பை மாற்றக் கூடாது, நிகழ்ந்ததைத் தெரியப்படுத்த வேண்டும். தீயால் தொழிலே தொடர முடியாத நிலை என்றால் மட்டும் எல்லாக் கணக்கையும் வேறு அடிப்படையில் போட வேண்டியிருக்கும், ஏனென்றால் தொழில் தொடரும் என்ற அடித்தளமே போய்விட்டது.

வழக்குகளும் தகராறுகளும் இதே பொறுமையைக் கேட்கும். கொடுக்க வேண்டி வரும் வாய்ப்பு அதிகம், தொகையையும் நம்பகமாக மதிப்பிட முடியும் என்றால் ஒதுக்கீடு. வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் குறிப்பில் மட்டும் வரும். வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றால் அதுவும் வேண்டாம். எச்சரிக்கை என்ற பெயரில் நல்ல ஆண்டில் தேவைக்கு மேல் ஒதுக்கி, மோசமான ஆண்டில் அதைத் திருப்பி எடுத்து லாபத்தைச் சமன் செய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுபவர்களும் உண்டு. ஏஎஸ் 29 அதை ஏற்பதில்லை. குறைத்துக் காட்டுவதும் உண்மையிலிருந்து விலகுவதே. கஷ்டப்பட்ட ஆண்டைக் கஷ்டப்பட்ட ஆண்டாகக் காட்டினால்தான் கடன் கொடுத்தவருக்கும் முதலாளிக்கும் நேரத்தோடு விழிப்பு வரும்.

முறையை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம். சட்டமோ தரமோ கேட்டால் மாற்ற வேண்டும். மாற்றினால் கணக்கு இன்னும் பொருத்தமாகக் காட்டும் என்றாலும் மாற்றலாம். ஆனால் மாற்றியதையும், அதனால் லாபம் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதையும் எழுத வேண்டும். கூடவே ஏஎஸ் 1 ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: தவறான கணக்கை, குறிப்பில் சொல்லிவிட்டதால் சரியாக்கிவிட முடியாது. நான் இளையவர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வது இதைத்தான்.

இந்தக் கொள்கைகளால் எல்லாவற்றையும் தடுக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் மென்பொருள் கம்பெனியின் தலைவர் எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று இருந்தது. வங்கி இருப்பு மதிப்பீட்டுக்கு இடமே இல்லாத எண். நிகர விற்பனை மதிப்பும் கிடையாது, பயன் ஆண்டும் கிடையாது. தரங்கள் நேர்மையான மனிதர்களுக்கு எப்படி அளப்பது என்று சொல்லித் தருகின்றன. அளக்கப்படும் பொருள் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது தணிக்கையின் வேலை. இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் மற்றது தனியாக நிற்காது. தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018 அக்டோபரில் அமைந்ததும், 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்க வேண்டும் என்று விதி வந்ததும் இந்த அனுபவங்களின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். ஜூன் மாதம் உட்கார்ந்து மார்ச் தேதியில் போடும் பதிவுக்கு இனி ஒரு தடயம் இருக்கும்.

2016 ஏப்ரல் முதல் கட்டம் கட்டமாக, பங்குச் சந்தையில் பட்டியலான பெரும்பாலான கம்பெனிகளும் நிகர மதிப்பு 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவையும் உலகத் தரங்களை ஒட்டிய 'இண்ட் ஏஎஸ்' முறைக்கு மாறின. அந்தத் தரங்களில் நியாய மதிப்பு அதிகம் வருகிறது. 2019 ஏப்ரலிலிருந்து வாடகைக் கட்டடங்களின் குத்தகைப் பொறுப்புகூட ஐந்தொகையில் ஏறிவிட்டது. என் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் இன்னும் பழைய ஏஎஸ் தரங்களில்தான் இருக்கிறார்கள். எந்தத் தரமானாலும் கோடு போடும் பொறுப்பு ஒன்றுதான்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: தரத்தின் எண்ணை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். குடோனுக்குப் போங்கள், கேட் ரிஜிஸ்டரைப் பாருங்கள், ஸ்பின்னிங் மாஸ்டரிடம் கேளுங்கள். எந்த முடிவானாலும் அதன் காரணத்தைக் கோப்பில் எழுதி வையுங்கள். தொழில் நடத்துபவர்களிடம்: சரக்கெடுப்பையும் கோட்டுக்கு இருபுறமும் தேதிகளைச் சரிபார்க்கும் வேலையையும் ஆடிட்டருக்காக மார்ச்சில் மட்டும் செய்யாமல், உங்களுக்காக மாதா மாதம் செய்யுங்கள். பங்கு வாங்குபவர்களிடம்: ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் லாபத் தொகைக்கு ஓடாதீர்கள். முதலில் கணக்கியல் கொள்கைக் குறிப்பைப் படியுங்கள். வரவை எப்போது வரவாக எழுதுகிறார்கள், சரக்கை எப்படி மதிப்பிடுகிறார்கள், போன ஆண்டிலிருந்து எதை மாற்றினார்கள், தகராறில் உள்ள தொகைகள் எவ்வளவு என்று பாருங்கள். அந்த நான்கும் தெளிவாக எழுதப்படாத கம்பெனியில் உங்கள் பணத்தைப் போடாதீர்கள்.